அப்பாவின் டிரங்குப் பெட்டியில் ஒரு கழுகு, ஒரு புலி, ஒரு கத்தி

இந்த முறை அரசியல் விமர்சனம் இல்லை. ஒரு பெட்டியைப் பற்றி எழுதுகிறேன். படித்து முடிக்கும்போது அதுவும் அரசியல்தான் என்று உங்களுக்கே தெரியும்.

அப்பா மதராஸ் சாப்பர்ஸில் பதினாறு வருடம் இருந்தவர். 1963இல் சேர்ந்தார், 1979இல் அவல்தாராக வெளியே வந்தார். கோடியக்கரைப் பக்கம் எங்கள் தெருவில் எங்கள் வீட்டுக்கு 'மிலிட்டரிக்காரர் வீடு' என்றுதான் பெயர். ஊர்த்தெருவில் இருப்பவர்கள் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள், அது வேறு கதை. அவர் போன பிறகு, முப்பதாம் நாள் காரியம் முடிந்து, நானும் தங்கையும் அவருடைய பச்சை நிற டிரங்குப் பெட்டியைத் திறந்தோம். கடற்கரை ஊரில் இரும்பு என்ன ஆகும் என்று தெரியும்தானே. உப்புக்காற்றில் கீல் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலாக, 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் வந்தபோது பெட்டிக்குள் தண்ணீர் போயிருந்தது. காகிதங்களில் பாதி கூழாகிவிட்டது. துணி பிழைத்தது.

துணி என்று நான் சொல்வது பேட்ஜுகளை. ஒரு பிஸ்கட் டப்பாவில் பதினொன்று இருந்தன. அவல்தாருக்கான மூன்று பட்டி, அதற்கு முன் நாயக்காக இருந்தபோது போட்ட இரண்டு பட்டி, சில பித்தளை எழுத்துகள். இவற்றை அடையாளம் காண யாருடைய உதவியும் வேண்டியதில்லை. லான்ஸ் நாயக்குக்கு ஒன்று, நாயக்குக்கு இரண்டு, அவல்தாருக்கு மூன்று என்று பட்டாளத்து வீட்டுப் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரித் தெரியும். எங்களைத் திணறவைத்தவை மூன்று துணி பேட்ஜுகள்தான். ஒன்று சிவப்புக் கழுகு. ஒன்று முக்கோணத்துக்குள்ளிருந்து காலெடுத்து வைக்கும் புலி. மூன்றாவது கேடய வடிவத்தில் சிவப்புத் துணி, நடுவில் கறுப்புப் பட்டை, அதன் ஓரங்களில் வெள்ளைக் கோடு, முனை கீழ்நோக்கிய ஒரு கத்தி.

வீட்டில் இவற்றுக்கு ஏற்கெனவே கதைகள் உண்டு. கழுகு தாத்தாவுடையது, அவர் இரண்டாம் உலகப்போரில் வெள்ளைக்காரன் படையில் சண்டை போட்டபோது சட்டையில் குத்தியிருந்தது என்பது அப்பாயி சொல்லி, அம்மா சொல்லி, நாங்கள் பள்ளிக்கூடத்தில் சொன்ன கதை. புலி நேதாஜி படையின் அடையாளம் என்று தெருவில் ஒரு பெரியவர் சத்தியம் செய்வார். கத்தியைப் பற்றி யாரும் எதுவும் சொன்னதில்லை.

மூன்று கதைகளையும் நான் சரிபார்க்கப் போனேன். எதுவும் நான் எதிர்பார்த்தபடி வரவில்லை.

முதலில் புலி. இதுதான் சுலபமாக அவிழ்ந்தது. தோள் சட்டையில் தைக்கும் இந்த மாதிரிப் படங்கள் ஒரு ரெஜிமெண்டின் சின்னம் அல்ல, ஒரு டிவிஷனின் சின்னம். ரெஜிமெண்டுக்குத் தொப்பியில் உலோகச் சின்னம் இருக்கும். டிவிஷன் என்பது பல ரெஜிமெண்டுகளிலிருந்து ஆட்களைச் சேர்த்து அமைக்கும் பெரிய படை, அதற்குத்தான் இந்தத் துணிப் படம். 4ஆவது இந்திய டிவிஷனுக்குச் சிவப்புக் கழுகு, 5ஆவதற்கு நெருப்புப் பந்து என்று அழைக்கப்பட்ட சிவப்பு வட்டம், 7ஆவதற்குத் தங்க அம்பு, 17ஆவதற்குக் கறுப்புப் பூனை, 19ஆவதற்குக் குத்துவாள், 23ஆவதற்குச் சண்டைச் சேவல். எழுத்தறிவில்லாத சிப்பாயும் இருட்டில் வண்டியைப் பார்த்து இது நம்ம ஆள் என்று அறிவதற்கான ஏற்பாடு அது. கட்சிக்குத் தேர்தல் சின்னம் மாதிரி.

முக்கோணத்திலிருந்து வெளியே வரும் புலி 26ஆவது இந்திய டிவிஷன். நேதாஜி பெயரோடு சேர்த்துப் பேசப்படும் பாயும் புலி, ஜெர்மனியில் அமைக்கப்பட்ட இந்திய லீஜியனின் கைப்பட்டையில் இருந்தது, மூவர்ணத்தின் மேல் ஜெர்மன் எழுத்துகளோடு. நம் மக்கள் மலாயாத் தோட்டங்களிலிருந்து போய்ச் சேர்ந்தது அந்தப் படையில் அல்ல, சிங்கப்பூரிலும் பர்மாவிலும் இயங்கிய இந்திய தேசிய ராணுவத்தில். இதில் ஒரு கசப்பான வேடிக்கை இருக்கிறது. 1945 ஏப்ரல் இறுதியில் ஜப்பானியர் ரங்கூனைவிட்டு ஓடியபோது, நகரத்தில் கொள்ளை நடக்காமல் காவல் காத்தது ஏ. டி. லோகநாதன் என்ற தமிழரின் தலைமையில் இருந்த நேதாஜி படை. மே மாதத் தொடக்கத்தில் கடல்வழியாக வந்து இறங்கி அவர்களைச் சரணடையவைத்தது 26ஆவது டிவிஷன். அதாவது எங்கள் தெருப் பெரியவர் நேதாஜியின் புலி என்று கும்பிட்டது, நேதாஜியின் படையைச் சிறைப்பிடித்த புலியை. அவரிடம் இதைச் சொல்ல மனம் வரவில்லை. 26ஆவது டிவிஷன் இன்றும் ஜம்முவில் அதே புலிச் சின்னத்தோடு இருக்கிறது. அப்பா 1970களின் நடுவில் இரண்டு வருடம் ஜம்முவில் இருந்தார். விஷயம் அவ்வளவுதான்.

அடுத்தது கழுகு. இதில்தான் எனக்கு ஆசை இருந்தது, அதனால் இதில்தான் நான் அதிகம் ஏமாந்தேன்.

சிவப்புக் கழுகு டிவிஷனின் வரலாற்றைப் படிக்கப் படிக்க, தாத்தா அதில் இருந்திருப்பார் என்ற நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. 1941இல் எரித்ரியாவின் கெரென் மலை, அப்புறம் லிபியப் பாலைவனம், துனீசியா, 1944இல் இத்தாலியின் கசினோ. அந்த டிவிஷனோடு போன பொறியாளர் பிரிவுகளில் மதராஸ் சாப்பர்ஸின் 12ஆவது ஃபீல்டு கம்பெனியும் 11ஆவது ஃபீல்டு பார்க் கம்பெனியும் இருந்தன. 1944 பிப்ரவரி 24 அன்று இத்தாலியில் மிஞ்ஞானோ அருகே கண்ணிவெடி அகற்றும்போது, வெடிக்கப்போகும் கண்ணியின் மேல் தன் உடலைப் போட்டு மற்றவர்களைக் காப்பாற்றி இறந்தாரே சுபேதார் சுப்பிரமணியன், ஜார்ஜ் கிராஸ் பெற்றவர், அவர் இந்த 11ஆவது கம்பெனிதான். தமிழ்நாட்டுப் பாடநூலில் அவர் பெயரை நான் பார்த்ததில்லை. தாத்தா அவரோடு ஒரே கூடாரத்தில் படுத்திருப்பார் என்றுகூட நான் கற்பனை செய்துவிட்டேன். ஒரு கட்டுரைக்குத் தலைப்பும் யோசித்தாகிவிட்டது.

பிறகு துணியைப் பார்த்தேன். பார்க்க வேண்டியது முகப்பை அல்ல, முதுகை. போர்க்காலத்தில் இந்தியாவில் செய்த பேட்ஜுகளில் பெரும்பாலானவை பஜார் தையற்காரர்கள் பருத்தித் துணியில் கையாலோ சாதாரண மெஷினிலோ பூத்தையல் போட்டவை. வெயில் நாட்டில் சட்டையைத் தினமும் வெளுக்கப்போட வேண்டும், அதனால் பேட்ஜைக் கழற்றி மாட்ட வசதியாகப் பின்புறம் பிரஸ் பட்டனோ கொக்கியோ வைத்திருப்பார்கள். பிற்காலத்து வேலைகளில் பாலியஸ்டர் நூல் கலந்துவிடும். ஓரத்தில் பிரிந்த ஒரு நூலை எடுத்துத் தீக்குச்சியில் காட்டினால் தெரிந்துவிடும். பருத்தி எரிந்து சாம்பலாகும், பாலியஸ்டர் உருகி மணி மாதிரித் திரளும். இன்னொரு சோதனை, கள்ளநோட்டு பார்க்க ஜவுளிக்கடைகளில் வைத்திருக்கும் நீல விளக்கு. பிற்காலத்து நூலிலும் துணியிலும் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த வெளிச்சத்தில் பளீரென்று மின்னும். பழைய பருத்தி மங்கலாகவே இருக்கும். ஆனால் இதில் ஒரு பொறி உண்டு. பழைய பேட்ஜை இன்றைய சோப்புத் தூளில் ஒரே ஒருமுறை துவைத்தாலும் அதுவும் மின்னும். ஆக விளக்கை மட்டும் நம்பக் கூடாது.

கழுகு மின்னியது. நூல் உருகியது. பிரஸ் பட்டன் இல்லை.

4ஆவது டிவிஷன் 1947க்குப் பிறகும் அதே கழுகோடு தொடர்ந்தது என்பதை நான் வசதியாக மறந்திருந்தேன். 1962இல் நேஃபாவில் சீனப் படையிடம் சிதறியது அதுதான். 1965 செப்டம்பரில் அசல் உத்தாரில் பாகிஸ்தான் டாங்கிகளை நிறுத்தியதும் அதுதான். 1971இல் குஷ்டியாப் பக்கம் கிழக்கு வங்காளத்துக்குள் போனதும் அதுதான். அப்பாவின் பதக்கங்களில் 1971 கிழக்கு முனைக்கான பூர்வி ஸ்டார் இருக்கிறது, நம் அரசின் பதக்கங்களில் எண்ணும் பெயரும் பொறித்திருப்பார்கள் என்பதால் அதில் சந்தேகமே இல்லை. அப்புறம், கல்கத்தா ஸ்டுடியோ முத்திரை போட்ட ஒரு போட்டோ. அப்பா கைகட்டி நிற்கிறார். சட்டைக் கையில் கழுகு. கழுகின் இடது இறக்கை நுனியில் தையல் பிரிந்து வேறு நூலால் ஒட்டுப்போட்டிருக்கிறது. என் கையில் இருந்த கழுகிலும் அதே இடத்தில் அதே ஒட்டு.

தாத்தாவின் கழுகு அப்பாவின் கழுகு. அப்படியானால் தாத்தாவுடையது எது?

கத்திதான். அதன் பின்புறம் இரண்டு பிரஸ் பட்டன்கள், ஒன்று துருப்பிடித்து துணியில் வட்டக்கறை. விளக்கில் மின்னவில்லை. கத்தியின் கைப்பிடியில் ரோமன் எழுத்தில் பதினான்கு. பிரிட்டிஷ் 14ஆவது ராணுவம், ஜெனரல் ஸ்லிம்மின் படை. 1944இல் இம்பாலிலும் கோகிமாவிலும் ஜப்பானைத் தடுத்து, 1945இல் பர்மாவை மீட்டது. இங்கே ஒரு நுட்பம் உண்டு. சண்டை போடும் பட்டாலியன்கள் தங்கள் டிவிஷன் சின்னத்தைப் போடும். எந்த டிவிஷனிலும் சேராமல் மேலிடத்தின் கீழ் நேரடியாக வேலை செய்தவர்கள்தான் ராணுவத்தின் பொதுச் சின்னத்தைப் போடுவார்கள். சாலைபோடுகிறவர்கள், கிடங்குகளில் மூட்டை சுமக்கிறவர்கள், வண்டி ஓட்டுகிறவர்கள்.

கஜா தண்ணீர் விட்டுவைத்த ஒரு பாதிக் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். படைவிடுவிப்புச் சான்றிதழின் மேல் பாதி. தாத்தாவின் பெயர் பாதி அழிந்திருந்தது. அதற்கு மேலே அச்சில் 'இண்டியன் பயனியர் கோர்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. ஜில்லா தஞ்சாவூர், தாலுகா திருத்துறைப்பூண்டி. வகுப்பு என்ற கட்டத்தில் ஆதி திராவிடர் என்பதன் இரண்டு எழுத்துச் சுருக்கம்.

பயனியர் என்றால் மண்வெட்டி. தாத்தா சண்டை போடவில்லை, ரோடு போட்டார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு முகம் சுருங்கிப்போனது. பத்து வருடமாகக் கூட்டங்களில் என் தாத்தா கழுகுப் படையில் நின்றவர் என்று பேசியிருக்கிறேன். அந்தச் சுருக்கத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

பீமா கோரேகான் உங்கள் எல்லோருக்கும் தெரியும். 1818 ஜனவரி 1, தூணில் பொறித்த பெயர்களில் 22 மகர்கள். அந்தச் சண்டையில் சென்னைப் பீரங்கிப் படையினரும் இருந்தார்கள் என்பது நம்மில் பலருக்குத் தெரியாது. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் படையில் பறையர்கள் ஆரம்பத்திலிருந்தே இருந்தார்கள். 1780இல் இரண்டு கம்பெனிகளாக ஆரம்பித்த மதராஸ் பயனியர்கள்தான் பிற்பாடு மதராஸ் சாப்பர்ஸ். மற்ற சாதிகளோடு பறையர்களும் கிறிஸ்தவர்களும் சேர்ந்து நின்ற படை அது. அம்பேத்கர், வெள்ளைக்காரன் இந்தியாவைப் பிடித்தது தீண்டப்படாதவர்களைக் கொண்ட படையால்தான், பிடித்த பிறகு அவர்களையே வெளியே தள்ளினான் என்று நீளமாக வாதிட்டு எழுதியிருக்கிறார். அவருடைய அப்பா ராம்ஜி சக்பால் சுபேதார். அந்தச் சம்பளமும் படைக்குடியிருப்பின் பள்ளிக்கூடமும் இல்லாவிட்டால் பீம்ராவ் என்ன ஆகியிருப்பார் என்று யோசியுங்கள்.

வெளியே தள்ளியது எப்படி? 1857க்குப் பிறகு, கலகம் செய்யாத சென்னைப் படைக்குப் பரிசு கிடைத்திருக்க வேண்டும். கிடைத்தது வேறு. 1881 முதல் 1885 வரை சென்னைப் படைக்குத் தலைவராக இருந்த ராபர்ட்ஸ், தென்னிந்தியனுக்குப் போர்க்குணம் கிடையாது என்று முடிவுகட்டினார். அவர் இந்தியா முழுமைக்கும் தளபதியானதும் அதுவே கொள்கையானது. போர் இனம், போர் அல்லாத இனம். பஞ்சாபி, பட்டாணி, கூர்க்கா உள்ளே. தமிழன், தெலுங்கன் வெளியே. மகர்களுக்கு 1890களின் தொடக்கத்தில் கதவு அடைத்தார்கள். எந்தச் சாதி எந்த வேலைக்குப் பிறந்தது என்று மனு எழுதினான் என்கிறோம். அதையே துப்பாக்கியோடும் உயரம், மார்பளவு அளக்கும் நாடாவோடும் இங்கிலாந்துக்காரன் எழுதினான்.

தெற்கில் இதன் முடிவு கணக்காகத் தெரியும். சென்னைக் காலாட்படையின் சில பட்டாலியன்களை 1880களிலேயே பயனியர்களாக மாற்றினார்கள். துப்பாக்கியும் இருக்கும், கூடவே கடப்பாரையும். அதில் வந்த 61ஆவது பயனியர்கள் 1914 நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் தாங்காவில் சண்டையிட்டார்கள். முதல் உலகப்போரில் ஆள் போதாதபோது 1917இல் 111ஆவது மகர்கள் என்ற படையை எழுப்பினார்கள், 1921இல் கலைத்தார்கள். மதராஸ் ரெஜிமெண்டின் நிரந்தரப் பட்டாலியன்கள் ஒவ்வொன்றாகக் கலைக்கப்பட்டு 1928க்குள் முடிந்துபோயின. 1933இல் சிக்கனம் என்று சொல்லி மதராஸ் பயனியர்களையும் கலைத்தார்கள். அதற்குப் பிறகு ஆறு வருடம், நிரந்தரப் படையில் சென்னை மாகாணத்தின் பெயர் சொல்ல மிஞ்சியது பெங்களூர் அல்சூர் ஏரிக்கரையில் இருந்த சாப்பர்ஸ் மட்டும். இன்றும் சாப்பர்ஸில் ஒருவரை ஒருவர் 'தம்பி' என்று அழைக்கிறார்களே, அந்தத் தம்பிதான் மிச்சம்.

1939இல் இரண்டு லட்சம் பேராக இருந்த இந்திய ராணுவம் 1945இல் 25 லட்சமானது. பஞ்சாபுக்கு அடுத்தபடியாக ஆள் கொடுத்தது சென்னை மாகாணம். பத்து வருடத்துக்கு முன்பு வீரமில்லாதவனாக இருந்தவனுக்குத் திடீரென வீரம் வந்துவிட்டது! 1941 அக்டோபர் 1இல் பெல்காமில் மகர் ரெஜிமெண்ட் எழுந்தது, அதற்காக அம்பேத்கர் விடாமல் வாதாடினார். அதன் தொப்பிச் சின்னத்தில் கோரேகான் தூணையே வைத்தார்கள், விடுதலைக்குப் பிறகு தூண் போய்க் குத்துவாள் வந்தது. 1943இல் சமார் ரெஜிமெண்ட் எழுந்தது, கோகிமாவில் நின்றது, 1946இல் கலைக்கப்பட்டது. மதராஸ் ரெஜிமெண்டும் திரும்ப உயிர்பெற்றது.

ஆனால் டெல்டாவின் ஒரு பண்ணையாளுக்கு எந்த வரிசை கிடைத்தது? படிப்பு இல்லை, அரை வயிற்றுச் சாப்பாட்டில் வளர்ந்த உடம்பு. அவனுக்குப் பயனியர் கோர் என்ற வரிசை நீளமாகத் திறந்திருந்தது. கிராமத்தில் என்ன செய்தானோ அதே வேலை, காக்கி உடுப்போடு. மண் வெட்டு, கல் சும, மூட்டை தூக்கு. சாதி பட்டாளத்துக்குள் வந்து உட்காரும்போது தீண்டாமை என்ற பெயரில் வருவதில்லை, தகுதி என்ற பெயரில் வருகிறது.

இது நமக்கு மட்டும் நடந்தது இல்லை. தாத்தா எங்கோ மண் வெட்டிக்கொண்டிருந்த அதே போர்முனையில், அசாமின் லேடோவிலிருந்து பர்மா வழியாகச் சீனாவுக்கு அமெரிக்கா ஒரு மலைச்சாலை போட்டது. அதில் வேலை செய்த சுமார் 15,000 அமெரிக்கச் சிப்பாய்களில் பாதிக்கும் மேற்பட்டவர்கள் கறுப்பர்கள். அவர்களுடைய ராணுவமும் கறுப்பர்களைத் தனிப் படையாகப் பிரித்துப் பெரும்பாலும் கட்டுமானத்துக்கும் சுமைக்கும் வைத்திருந்தது. அந்தப் பிரிவினையை ஒழிக்கும் ஆணையை ட்ரூமன் 1948இல்தான் போட்டார். இரண்டு நாட்டின் கீழ்ப்படுத்தப்பட்டவர்களும் ஒரே மழையில், ஒரே சேற்றில், மலேரியாவோடு, அடுத்தவர் சண்டைக்கு ரோடு போட்டார்கள். டாங்கி அந்த ரோட்டில்தான் போனது. அரிசி மூட்டையும் அந்த ரோட்டில்தான் போனது.

1942இல் அதே பர்மாவிலிருந்து லட்சக்கணக்கான இந்தியர்கள், அதில் நம் கூலி மக்கள் எத்தனையோ பேர், காட்டு வழியே நடந்தே திரும்பினார்கள். வழியிலேயே செத்தவர்களுக்குக் கணக்கில்லை. அவர்கள் திரும்பிய திசைக்கு எதிர்த்திசையில் தாத்தா கடப்பாரையோடு போயிருக்கிறார்.

அப்பாயி சொன்ன ஒரு விஷயத்தை இப்போதுதான் வேறு மாதிரிக் கேட்கிறேன். தாத்தா 1942இல் ஆண்டையிடம் பட்ட கடன் இருக்கும்போதே ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி நாகப்பட்டினத்தில் போய்ப் பேர் கொடுத்தாராம். சாணிப்பாலும் சவுக்கடியும் இருந்த காலம். பண்ணையாள் ஓடினால் பிடித்துவந்து கட்டிவைப்பார்கள். காக்கி போட்டவனைப் பிடிக்க முடியாது. நாங்கள் வீரக் கதை தேடினோம், அது ஒரு தப்பித்தல் கதை. 1952இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வருவதற்குப் பத்து வருடம் முன்பு, தனக்கு மட்டும் அவர் ஒரு சட்டம் போட்டுக்கொண்டார்.

1946இல் பூட்ஸோடு வந்திருக்கிறார். ஊர்த்தெருவில் செருப்பு போட்டு நடக்கக் கூடாது. கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போக அவருக்கு மனமில்லை. போட்டுக்கொண்டு போகவும் தைரியம் வரவில்லை. தெருவையே விட்டுவிட்டு, உப்பளத்துக் கரையோரமாகச் சுற்றிக்கொண்டு, பூட்ஸைக் கழற்றாமல் வீட்டுக்குப் போவாராம். ஒருநாள் இரண்டு நாள் இல்லை, அந்த பூட்ஸ் கிழியும்வரை. இதைக் கோழைத்தனம் என்று கூட்டத்தில் ஒரு தம்பி சொன்னான். நான் அப்படி நினைக்கவில்லை. அவர் அந்தத் தெருவுக்கு முன்னால் குனியவில்லை. அந்தத் தெருவை உடைக்க அவர் ஒருவரால் முடியவில்லை. அதற்குச் செங்கொடி வேண்டியிருந்தது, சங்கம் வேண்டியிருந்தது. சீனிவாசராவும் களப்பாள் குப்புவும் அந்த வருடங்களில்தான் டெல்டா முழுக்க நடந்துகொண்டிருந்தார்கள்.

ஓய்வூதியம் ஒரு காசு கிடையாது. போருக்காக எடுத்தவர்களைப் போர் முடிந்ததும் கைச்செலவுக்குக் கொஞ்சம் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அதற்குத் தேவையான வருடங்கள் அவரிடம் இல்லை.

சரி, அப்பாவின் கழுகு எப்படித் தாத்தாவின் கழுகானது? தோப்புத்துறையில் இருக்கும் அத்தையிடம் போட்டோவையும் கழுகையும் காட்டினேன். எண்பதைத் தாண்டியவர், கண் சரியாகத் தெரியாது, தடவிப் பார்த்தார்.

"இதுவா? இது அண்ணன் உடுப்புல இருந்ததுப்பா. சண்டை முடிஞ்சு லீவுல வந்துச்சுல்ல, அப்ப எங்கப்பா கேட்டுச்சு. எனக்கு ஒண்ணு குடுடா, எங்கிட்ட கத்திதான் இருக்குன்னு. அண்ணன் பிளேடால பிரிச்சுக் குடுத்துச்சு. பெரியவரு சாவுற வரைக்கும் சட்டைப் பையில வச்சிருந்தாரு."

தாத்தா இறந்தது 1974இல். பெட்டிக்குத் திரும்பி வந்த கழுகு அதற்குள் அவருடையதாகிவிட்டிருந்தது. அப்பா அதைத் திருத்தவே இல்லை. எங்களிடம் ஒருமுறைகூட அது என்னுடையது என்று சொல்லவில்லை. 1968 டிசம்பர் 25இல் கீழ்வெண்மணியில் 44 பேரைக் குடிசைக்குள் வைத்து எரித்தபோது அவர் வடக்கே எல்லையில் இருந்தார், செய்தித்தாளில் படித்தார். அதைப் பற்றியும் அவர் எங்களிடம் பேசியதில்லை. பேசாமல் இருப்பதில் அவருக்கு நல்ல பயிற்சி இருந்தது.

இப்போது நம் இளைஞர்களிடம் ஒரு பேச்சு பரவியிருக்கிறது. நாங்களும் ஆண்ட பரம்பரை, நாங்களும் போர்க்குடி, எங்களுக்கும் ரெஜிமெண்ட் இருந்தது. எதிரே இருப்பவன் மீசையை முறுக்குவதைப் பார்த்து வரும் கோபம் எனக்குப் புரிகிறது. கோரேகானுக்குப் போவதையோ சமார் ரெஜிமெண்டைத் திரும்பக் கேட்பதையோ நான் குறை சொல்லவில்லை. மறைக்கப்பட்டதை வெளியே எடுக்கத்தான் வேண்டும். ஆனால் போர் இனம் என்ற தராசே நம்மை வெளியே தள்ளுவதற்காகச் செய்யப்பட்டது. அந்தத் தராசில் ஏறி நின்று எனக்கும் எடை இருக்கிறது என்று காட்டுவதில் எனக்கு இப்போது விருப்பம் போய்விட்டது. கழுகைச் சொல்லும்போது நிமிர்ந்த என் தலை, மண்வெட்டியைக் கண்டதும் ஏன் தாழ்ந்தது? அந்தத் தாழ்வை எனக்குள் யார் வைத்தார்கள்?

தேட நினைக்கும் தோழர்களுக்குச் சில வார்த்தை. தொப்பிச் சின்னத்திலோ பித்தளையிலோ முடி இருந்தால் 1950க்கு முந்தையது, அசோகர் சிங்கம் இருந்தால் பிந்தையது. இந்த ஒன்றே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும். பணிவிவரம் அந்தந்த ரெஜிமெண்டின் ஆவண அலுவலகத்தில் இருக்கும், சாப்பர்ஸுக்குப் பெங்களூர், மதராஸ் ரெஜிமெண்டுக்கு வெலிங்டன். எண் தெரிந்தால் போதும், எண் ஓய்வூதியப் புத்தகத்தில் இருக்கும். உலகப்போரில் இறந்தவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பதிவேட்டில் தஞ்சாவூர் என்ற சொல்லைப் பழைய ஆங்கில எழுத்தில் போட்டுத் தேடுங்கள். பல பெயர்களோடு அப்பா பெயர், மனைவி பெயர், ஊர்ப்பெயர் வரும். ரங்கூன் அருகே தௌக்கியான், சிங்கப்பூரில் கிராஞ்சி, இத்தாலியில் கசினோ என்று நம் ஊர்ப் பெயர்கள் அங்கே கல்லில் கிடக்கின்றன. முதலில் வீட்டில் இருக்கும் அத்தைகளிடம் கேளுங்கள்.

தங்கை மூன்று பேட்ஜுகளையும் வெள்ளைத் துணியில் சுற்றித் தனித்தனி உறையில் போட்டிருக்கிறாள். புலிக்கு 'ஜம்மு, அப்பா' என்று எழுதியாகிவிட்டது. கத்திக்கு 'பர்மா, தாத்தா, பயனியர் கோர்'. கழுகு உறையின் மேல் யார் பெயரை எழுதுவது என்பதில் எங்களுக்குள் இன்னும் தகராறு. உங்கள் வீட்டுப் பெட்டியில் இப்படி ஏதாவது இருந்தால் தயவுசெய்து துவைத்துவிடாதீர்கள். முதலில் பின்பக்கத்தைப் போட்டோ எடுங்கள்.